மறுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்? ஆர்.ஜி. கர் பணமுறைகேட்டு வழக்கை முன்வைத்து

2024 செப்டம்பர் 2 அன்று கொல்கத்தாவில் சந்தீப் கோஷை சிபிஐ கைது செய்தது. எலும்பு முறிவு அறுவை மருத்துவர், ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் படித்து, 2021 முதல் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆகஸ்ட் 9 அன்று அக்கல்லூரியின் கருத்தரங்க அறையில் முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டபின் நாடு முழுவதும் எழுந்த கொந்தளிப்பை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் கொலை வழக்கில் 2025 ஜனவரியில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் கோஷ் முதலில் கைதானது அந்த வழக்கில் அன்று. மருத்துவமனையின் பணத்தைக் கையாண்டதில் முறைகேடு என்னும் இன்னொரு வழக்கில். பெருந்துயரத்தின் நிழலில் நின்றதால் இந்த இரண்டாம் வழக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை. கல்வி நிறுவனங்களுக்குள் வாழ்பவர்களுக்கோ இதில்தான் கற்க வேண்டியது அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோஷ் மீதானவை குற்றச்சாட்டுகள். அவற்றை அவர் மறுக்கிறார். மெய்ப்பிக்க வேண்டியது அரசுத் தரப்பின் கடமை. ஆகவே அவர் குற்றவாளியா இல்லையா என்பது இங்கே பேசுபொருள் அன்று. அத்தகைய குற்றச்சாட்டுகள் ஒரு மனிதரின் மீது எழுவதற்கும், எழுந்தபின் ஓராண்டுக்கு மேல் அசையாமல் கிடப்பதற்கும் இடம் கொடுத்த அமைப்பு எது என்பதே கேள்வி.

குற்றச்சாட்டுகளின் பட்டியல் நீளமானது. ஒப்பந்தங்கள் வேண்டியவர்களுக்கே வழங்கப்பட்டன. மருத்துவக் கழிவு வெளியே விற்கப்பட்டது. உரிமை கோரப்படாத உடல்கள் முறையின்றிக் கையாளப்பட்டன. தேர்ச்சிக்காக மாணவரிடம் பணம் பெறப்பட்டது என்றெல்லாம் கல்லூரியின் முன்னாள் துணைக் கண்காணிப்பாளர் அக்தர் அலி புகார் எழுதினார். பின்னர் விசாரித்த சிபிஐ, ஹவுஸ் ஸ்டாஃப் எனப்படும் தற்காலிக மருத்துவர் நியமனங்களிலும் முறைகேடு நடந்ததாக நீதிமன்றத்தில் கூறியது. மெய்க்காவலரின் மனைவி பெயரிலிருந்த நிறுவனத்துக்குச் சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் போனது என்றும், கோஷ் முன்பு முர்ஷிதாபாத் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது அறிமுகமான வியாபாரிகளே கொல்கத்தாவுக்கு வந்து ஒப்பந்தங்களைப் பெற்றனர் என்றும் அது கூறியது.

இத்தகைய செய்தி வந்தவுடன் நம்மவர் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை கோடி?' என்பதுதான். பொதுத்துறை ஊழல்களைத் தொகையால் அளந்து பழகிவிட்டோம். இந்த வழக்கில் தொகையைவிட முக்கியமானது பட்டியலின் அகலம். ஒப்பந்தம், கழிவு, பிணவறை, தேர்வு, நியமனம் ஆகிய ஐந்துக்கும் ஒன்றோடொன்று இயல்பான தொடர்பு எதுவுமில்லை. இவை அனைத்தும் ஒரே மனிதரின் பெயரோடு பேசப்படுவதற்குக் காரணம், இவை அனைத்தும் ஒரே நாற்காலியைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தன என்பதுதான்.

அந்த நாற்காலி தோன்றிய கதையே வேறு. 1886-இல் ராதா கோவிந்த கர் என்னும் மருத்துவர், அரசு உதவியின்றி, வங்க மொழியில் மருத்துவம் கற்பிக்கும் பள்ளியொன்றைக் கல்கத்தாவில் தொடங்கினார். எடின்பரோவில் பயின்று திரும்பியவர் அவர். மாணவர்க்காக வங்க மொழியிலேயே பாடநூல்களும் எழுதினார். (யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததும் அதே நூற்றாண்டில்தான். இந்த இரு முயற்சிகளையும் ஒப்பிட்டு யாராவது விரிவாக எழுத வேண்டும்.) நன்கொடைகளால் வளர்ந்த அப்பள்ளி 1916-இல் பெல்காச்சியாவில் கல்லூரியாயிற்று, பின்னர் ஆளுநர் கார்மைக்கேலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது, 1948-இல் நிறுவனரின் பெயரைப் பெற்றது, 1958-இல் மாநில அரசு அதை ஏற்றுக்கொண்டது. அரசு ஏற்றது பொதுமக்களுக்கு நன்மையே. ஏழை நோயாளிக்கு அந்த வாசல் திறந்தது அதனால்தான். ஆனால் நன்கொடையால் நடந்த நிறுவனத்தில் கணக்குக் கேட்பவர்கள் அதன் முற்றத்திலேயே இருப்பார்கள். அரசு நிறுவனத்தில் கணக்குக் கேட்க வேண்டியவர் செயலகத்தில் இருக்கிறார்; அவரிடம் செல்லும் கோப்பை அனுப்புபவரே கணக்குக் கொடுக்க வேண்டியவராகவும் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் டீன் என்றும் வங்கத்தில் பிரின்சிபால் என்றும் அழைக்கப்படுபவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். காலையில் துறைத்தலைவர்கள் கூட்டம். அக மதிப்பெண்கள், வருகைப் பதிவு, தேர்வெழுதத் தகுதியற்றோர் பட்டியல். அடுத்து ஒப்பந்தக் கோப்புகள்: பாதுகாவலர், துப்புரவு, சிற்றுண்டிச்சாலை, வாகன நிறுத்தம், பழுதுபார்ப்பு. பிற்பகலில் விடுதித் தகராறு, விடுப்பு விண்ணப்பங்கள், வெளிநாட்டு மாநாட்டுக்குத் தடையின்மைச் சான்று. இடையே அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு. இருபது ஆண்டுகள் எலும்பைச் சேர்த்து வைத்தவர் இவற்றில் எதற்கும் பயிற்சி பெற்றவர் அல்லர். அறுவை அரங்கில் அவர் சொல்லே இறுதி. அங்கே அது நியாயம், நோயாளி மேசைமேல் கிடக்கும்போது வாக்கெடுப்பு நடத்த முடியாது. அந்தப் பழக்கம் கோப்பு மேசைக்கும் இடம்பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. பணிமூப்பு வந்தால் நாற்காலி வருகிறது. மருத்துவமனை நிர்வாகம் என்பது இந்நாட்டில் தனியே பட்டம் தரப்படும் துறை என்பது இந்த நியமனங்களைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

பயிற்சியின்மை ஒரு காரணம்தான். முழுக் காரணம் அன்று. ஆய்வகத்துக்கு ஒரு கருவி வாங்கிய எந்த ஆய்வு மாணவருக்கும் 'மூன்று விலைப்புள்ளி' தெரியும். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும். குறைந்த விலை சொன்னவரிடம் வாங்க வேண்டும். மூன்று தாள்களையும் ஒரே கடைக்காரரே கொண்டுவந்து கொடுப்பதும் பலர் கண்ட காட்சி. ஆர்.ஜி. கர் வழக்கில் சிபிஐ கூறுவதும் வடிவத்தில் இதுவே: ஒரே வியாபாரியின் கட்டுப்பாட்டில் இருந்த பல நிறுவனங்கள் தமக்குள் போட்டியிடுவதுபோல் விலை கோரின. விதி மீறப்படவில்லை, நடிக்கப்பட்டது. தணிக்கையாளர் கோப்பைத் திறந்தால் மூன்று தாள், மூன்று முத்திரை, மூன்று கையொப்பம், எல்லாம் சரியாக இருக்கும். அந்த மூன்றும் ஒன்றே என்பதைக் காகிதம் சொல்லாது. அறையில் இருந்த மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அந்த மனிதர் யார் என்பதில்தான் இந்த வழக்கின் உயிர் இருக்கிறது. கொள்முதல் குழுவில் அமரும் பேராசிரியரின் இடமாற்றத்தில் முதல்வருக்குச் சொல் உண்டு. கழிவு எங்கே போகிறது என்று பார்க்கும் பயிற்சி மருத்துவரின் பணிநிறைவுச் சான்றில் அவர் கையெழுத்து வேண்டும். பிணவறையில் நடப்பதைப் பார்க்கும் முதுநிலை மாணவருக்குத் தேர்வு இருக்கிறது. 2024-இல் கொல்கத்தாவின் இளநிலை மருத்துவர்கள் தம் போராட்டத்தில் 'த்ரெட் கல்ச்சர்' என்ற சொல்லை ஓயாமல் பயன்படுத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அச்சுறுத்தல் என்பது எப்போதும் உரத்த குரலில் வருவதில்லை. தேர்வு முடிவும் ஒப்பந்தமும் ஒரே கையில் இருந்தால் போதும்; யாரும் யாரையும் மிரட்ட வேண்டியதில்லை. நெறியாளரின் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இல்லை.

புகார் எழுதிய அக்தர் அலி மருத்துவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் மருத்துவம் சாரா நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த துணைக் கண்காணிப்பாளர். அவர் எழுத வேண்டிய தேர்வு எதுவும் அந்தக் கல்லூரியில் இல்லை. அவருடைய தொழிற்பதிவு எந்த மருத்துவக் கவுன்சிலின் பெட்டியிலும் இல்லை. பேராசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த ஒரு நிறுவனத்திலிருந்து முதல் முறையான புகார் அவரிடமிருந்து வந்தது தற்செயலாக இருக்கலாம்; அவ்வாறு தோன்றவில்லை. (புகார் எழுதியவர் குறையற்றவரா என்பது வேறு கேள்வி. ஒரு புகாரின் மெய்ம்மை, எழுதியவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது அன்று.)

2023-இல் மாநில ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் சென்றது. அதன்பின் நடந்ததைத் தமிழ் அரசு ஊழியர் எவரும் ஊகித்துவிடலாம்: தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். அலி ஆர்.ஜி. கரைவிட்டு வெளியே அனுப்பப்பட்டார். 2024-இல் நாடு அவர் பெயரை அறிந்தபோது அவர் முர்ஷிதாபாத்தில் பணியில் இருந்தார். விந்தை என்னவென்றால், அதே 2023-இல் கோஷுக்கும் இரண்டு முறை முர்ஷிதாபாத்துக்கே மாற்றல் உத்தரவு வந்தது. இரண்டு முறையும் சில நாட்களிலோ வாரங்களிலோ அவர் பெல்காச்சியாவின் அதே நாற்காலிக்குத் திரும்பினார். ஒரே ஊருக்கு இருவரை அனுப்பிய ஒரே துறை, ஒருவரை மட்டும் திரும்ப அழைத்தது. எஞ்சியிருந்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த புகாரை எழுத நினைத்த எவருக்கும் இதைவிடத் தெளிவான சுற்றறிக்கை தேவைப்பட்டிருக்காது.

2024 ஆகஸ்ட் 12 அன்று கோஷ் பதவி விலகினார். அன்றே அவர் கல்கத்தா தேசிய மருத்துவக் கல்லூரியின் முதல்வராக நியமிக்கப்பட்டார். அங்குள்ள மாணவர்கள் எதிர்த்துப் போராட்டத்தில் இறங்கினர். மறுநாள், சென்னையிலிருந்து சென்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு, பிற்பகல் 3 மணிக்குள் அவர் விடுப்பில் செல்ல வேண்டும் என்றது. 2021 ஜனவரி முதலான நிதி முறைகேடுகளை விசாரிக்க மாநில அரசு சிறப்புக் குழு அமைத்தது ஆகஸ்ட் 16 அன்று. அலியின் மனுமீது உயர் நீதிமன்றம் அந்த விசாரணையை சிபிஐ-க்கு மாற்றியது ஆகஸ்ட் 23 அன்று. ஓராண்டாக நகராத கோப்பு ஒரு வாரத்தில் இரண்டு முறை நகர்ந்தது. இடையில் புதிய சான்று எதுவும் வந்து சேரவில்லை. ஓர் இளம் மருத்துவர் இறந்திருந்தார், தெருவில் மக்கள் நின்றிருந்தார்கள்.

நிதி முறைகேடு என்றால் அரசின் பணம்தானே போயிற்று என்று சொல்பவர்களுக்காகக் கழிவுப் புகாரைச் சற்று விரித்துச் சொல்லலாம். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மருத்துவமனைக் கழிவு நிறம் நிறமாகப் பிரிக்கப்பட வேண்டும். மனிதத் திசு மஞ்சள் பையில் எரிப்புக்குப் போகும். குழாய்கள், குளுக்கோஸ் பாட்டில்கள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள், கையுறைகள் சிவப்புப் பையில் போகும்; அவற்றைக் கிருமிநீக்கி, துண்டாக்கிய பிறகே மறுசுழற்சிக்கு அனுப்பலாம். பையில் பட்டைக்குறியீடு இருக்க வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? சிவப்புப் பைக்குச் சந்தையில் விலை உண்டு. துண்டாக்கப்படாத சிரிஞ்சு கழுவப்பட்டுப் புதிய உறைக்குள் ஏறினால், ஏதோ ஓர் ஊரின் நோயாளி உடலில் முடியும். ஆர்.ஜி. கரில் என்ன நடந்தது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். அந்தப் பையின் கணக்கு ஏன் பணக்கணக்கு மட்டும் அன்று என்பதைத் தீர்மானிக்க நீதிமன்றம் தேவையில்லை.

பிணவறைப் புகாரும் அப்படித்தான். 1835-இல் சில நாட்கள் இடைவெளியில் கல்கத்தாவிலும் சென்னையிலும் மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. 1836-இல் மதுசூதன் குப்தா சாதிக் கட்டுப்பாட்டை மீறிக் கல்கத்தாவில் உடற்கூறாய்வு செய்தபோது, இந்திய மருத்துவம் ஒரு வாசலைக் கடந்தது. அன்று முதல் பெயரற்றவர்களின், உறவற்றவர்களின் உடல்கள்மேல்தான் மருத்துவர்கள் கற்றுவருகிறார்கள். உரிமை கோர ஆளில்லாத உடலுக்காகப் பேசுவதற்கு இருக்கும் ஒரே பொருள் பதிவேடு. அது பொய்த்தால் கேட்பாரில்லை.

மருத்துவர் நிர்வாகியானபின் அவர் மருத்துவராகவே தொடர்கிறாரா? இக்கேள்வி வேறொரு நாட்டில் நேருக்கு நேர் கேட்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து குழந்தைகளின் இதய அறுவைகளில் இறப்பு அளவுக்கு மீறி இருந்தது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் கணக்கெடுத்து எச்சரித்தார். மருத்துவமனை அறக்கட்டளையின் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸ் ஒரு கதிரியக்க மருத்துவர். தாம் நிர்வாகி, அறுவையின் தரத்தை மதிப்பிடுவது அறுவை மருத்துவர்களின் வேலை என்பது அவர் வாதம். 1998-இல் பொது மருத்துவக் கவுன்சில் அதை ஏற்காமல் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 1999-இல் பிரிவி கவுன்சிலும் உறுதிசெய்தது. நாற்காலி மாறினாலும் நோயாளிமீதான கடமை மாறாது என்பதே தீர்ப்பின் சாரம். அங்கே பிரச்சினை பணம் அன்று, திறமை. ஆயினும் இருவர் கதையில் ஓர் உறுப்பு பொது. எச்சரித்த போல்சின் பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். முர்ஷிதாபாத் கொஞ்சம் அருகில்.

மேற்கு வங்க மருத்துவக் கவுன்சிலும் 2024 செப்டம்பர் 19 அன்று கோஷின் பதிவை ரத்து செய்தது. ஆனால் வெளியில் வந்த காரணம், அனுப்பிய விளக்கக் கேட்புக்கு அவர் பதில் தரவில்லை என்பது. பிரிஸ்டலில் ஒரு கொள்கை நிலைநாட்டப்பட்டது. கொல்கத்தாவில் ஒரு கடிதத்துக்குப் பதில் வராதது பதிவாயிற்று. மருத்துவர் நிர்வாகியின் கடமை எது என்று சொல்லக் கிடைத்த அரிய வாய்ப்பை ஒரு தொழில் அமைப்பு இவ்வாறு கைநழுவ விட்டது வருந்தத்தக்கது.

தமிழ்நாட்டினர் இந்த இடத்தில் 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். அதில் பெருமைப்பட நியாயம் உண்டு. மருந்து வாங்கும் வேலையை மருத்துவமனைத் தலைவரின் கையிலிருந்து எடுத்து ஒரு கழகத்திடம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் மையமாக முடிவாகும். மாவட்டக் கிடங்குகளுக்கு மருந்து வரும். மாதிரிகள் உற்பத்தியாளர் பெயர் மறைக்கப்பட்டு ஆய்வகங்களுக்குப் போகும். மருத்துவமனை தன் பாஸ்புக்கைக் காட்டி எடுத்துக்கொள்ளும். மருந்தைத் தேர்பவரும், வாங்குபவரும், சோதிப்பவரும் வெவ்வேறு ஆட்கள். பிற மாநிலங்களும் பின்பற்றின. மேற்கு வங்கத்திலும் அத்தகைய கழகம் உண்டு. ஆனால் ஆர்.ஜி. கர் பட்டியலை மீண்டும் படித்தால் ஒன்று புலப்படும். சிற்றுண்டிச்சாலை, கழிவு, நியமனம், தேர்வு, உடல்கள் ஆகிய எவையும் எந்தக் கழகத்தின் வழியாகவும் போகாதவை. பெரிய வாசலைப் பூட்டினால் சிறிய வாசல்களின் விலை ஏறுகிறது. சென்னையின், மதுரையின் டீன் அறைகளிலும் அந்தச் சிறிய வாசல்கள் திறந்தே இருக்கின்றன.

சட்டமும் தன் பங்குக்கு ஒரு வாசலில் நின்றது. 2024 நவம்பர் 29 அன்று சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த மாநில அரசின் அனுமதி வராததால் நீதிமன்றம் உடனே அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. அனுமதி 2025 ஜனவரியில்தான் வந்தது. இதற்கிடையே, கொலை வழக்கில் தடயங்களைச் சிதைத்ததாகத் தொடுக்கப்பட்ட தனிக் குற்றச்சாட்டில், 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் டிசம்பர் 13 அன்று கோஷுக்குப் பிணை கிடைத்தது. பணமுறைகேட்டு வழக்கினால் சிறையிலேயே இருந்தார். முன் அனுமதி என்பது நேர்மையான அதிகாரியை வீண் வழக்கிலிருந்து காக்க எழுதப்பட்ட விதி. அதை ஒரேயடியாக நீக்கச் சொல்வது பிழை. ஆனால் இரண்டு முறை ஒருவரைத் திரும்ப அழைத்த அதே அரசிடம்தான் அவர்மீது வழக்கு நடத்த அனுமதியும் கேட்க வேண்டியிருந்தது.

அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் 'ரோகி கல்யாண் சமிதி' என்னும் நோயாளி நலச் சங்கம் இருக்கிறது. உள்ளூர்ச் செலவுகளைப் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. வங்கத்தில் அதன் தலைமையில் பெரும்பாலும் அரசியல்வாதிகள் அமர்ந்திருந்தனர். போராட்டம் உச்சத்தில் இருந்த 2024 செப்டம்பரில் மாநில முதலமைச்சர் மமதா பானர்ஜி அச்சங்களைக் கலைப்பதாக அறிவித்தார். புதிய சங்கங்களில் இளநிலை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இடம் உண்டு என்றார். தலைவராக இருக்கப்போகிறவர், கல்லூரியின் முதல்வர்.